உலாவிக்குள் பூட்டப்படும் சாட்சியம்: ஜாவாஸ்கிரிப்ட் செயலிகளில் மறையாக்கச் செய்திகளின் சேமிப்பும் மீட்பும்

வன்கொடுமை வழக்குகளில் நிகழ்வுக்கும் தீர்ப்புக்கும் இடையே பல ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. அந்த ஆண்டுகள் முழுவதும் பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம் எங்கோ ஓரிடத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. காவல் நிலையக் கோப்பில் இருப்பது ஒரு படி. உண்மையறியும் குழுவினரிடமும் வழக்கறிஞரிடமும் களப்பணியாளரிடமும் இருப்பவை வேறு படிகள். பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி சேர்க்கப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு, சாட்சிகளை மிரட்டலிலிருந்து காப்பது அரசின் கடமை என்கிறது. பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணங்களில் சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைக்க நீதிமன்றம் ஆணையிடவும் அது வழிசெய்கிறது. ஆனால் களப்பணியாளரின் கைப்பேசியில் உள்ள படிக்கு அந்தப் பிரிவு பூட்டுப் போடுவதில்லை. சாட்சி சொன்னவர் குற்றஞ்சாட்டப்பட்டவரின் நிலத்திலேயே கூலிக்குச் செல்பவராக இருக்கும்போது, அந்தப் படி யார் கண்ணில் படுகிறது என்பதே அவருடைய பிழைப்பைத் தீர்மானித்துவிடும்.

இத்தகைய குறிப்புகள் இப்போது பெரும்பாலும் உலாவிக்குள் எழுதப்படுகின்றன. கணினி அறிவியல் பயிலும் மாணவர்கள் தன்னார்வத்தோடு ஒரு வலைச்செயலியை ஆக்கித் தருகிறார்கள். களப்பணியாளர் கைப்பேசியில் அதனைத் திறந்து படிவத்தை நிரப்புகிறார், செய்தி ‘என்கிரிப்ட்’ செய்யப்பட்டு அனுப்பப்படுகிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன நடக்கிறது, எது நடப்பதில்லை என்பதை இயக்கத்தவரும் செயலியை எழுதும் மாணவரும் ஒருசேர அறிந்திருக்க வேண்டும் என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறோம். என்கிரிப்ஷனை மறையாக்கம் என்றும், டிகிரிப்ஷனை மறைநீக்கம் என்றும் இதில் குறிப்பிடுகிறோம்.

பூட்டு எங்கே, சாவி யாரிடம்

முகவரிப் பட்டையில் எச்டிடிபிஎஸ் என்று இருந்தால் செய்தி பாதுகாப்பாக உள்ளது எனப் பலர் நம்புகின்றனர். அது பயணத்தை மட்டுமே காக்கிறது. உலாவியிலிருந்து சர்வரைச் சேரும் வரை இடையில் எவரும் படிக்க முடியாது. சேர்ந்தபின் சர்வர் அதனை வெளிப்படையாகவே பெறுகிறது. சர்வர் தன் தரவுத்தளத்தை மறையாக்கி வைத்திருந்தாலும், சாவி அதே சர்வரில் இருக்குமானால், சர்வரை நிர்வகிப்பவரும், அவரிடம் ஆணையோடு வருபவரும், அதனுள் திருட்டுத்தனமாக நுழைபவரும் படித்துவிடலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, மறையாக்கப்பட்ட தகவலைத் திறந்து தருமாறு உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்கு வழங்குகிறது என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: செய்தி எந்த இடத்தில் பூட்டப்படுகிறது, அதன் சாவி எந்தெந்தக் கருவிகளில் இருக்கிறது? எழுதுபவரின் உலாவியிலேயே பூட்டி, படிப்பவரின் உலாவியில் மட்டும் திறப்பதே முனைக்கு முனை மறையாக்கம். இடையிலுள்ள சர்வர் திறக்க முடியாத பெட்டியைச் சுமக்கும் கூலியாள் மட்டுமே.

கனடாவின் ஹஷ்மெயில் நிறுவனத்தின் கதை இதற்குப் பழைய சான்று. மறையாக்க மின்னஞ்சல் என்று விளம்பரப்படுத்தப்பட்ட அச்சேவை, நீதிமன்ற ஆணைக்குப் பணிந்து சில வாடிக்கையாளர்களின் அஞ்சல்களை வெளிப்படை உரையாகவே அதிகாரிகளிடம் ஒப்படைத்தது 2007இல் தெரியவந்தது. பயன்படுத்துவோருக்கு எளிதாக இருக்கட்டும் என்று, கடவுத்தொடரைச் சர்வர் ஒரு கணம் பார்த்து அங்கேயே அஞ்சலைத் திறக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. அந்த ஒரு கணம் போதுமானதாயிற்று.

உலாவி தரும் கருவிகள்

இன்றைய உலாவிகள் அனைத்திலும் வெப் கிரிப்டோ ஏபிஐ என்னும் வசதி உள்ளது. டபிள்யூ3சி அதனை 2017 ஜனவரியில் பரிந்துரைத் தரமாக அறிவித்தது. ஜாவாஸ்கிரிப்டில் கிரிப்டோ.சப்டில் என்ற பெயரில் அதனை அழைக்கலாம். எச்டிடிபிஎஸ் இல்லாத தளங்களில் அது கிடைக்காது. சொந்தக் கணினியில் சோதித்துப் பார்க்கும் லோக்கல்ஹோஸ்ட் மட்டும் விதிவிலக்கு.

செய்தியைப் பூட்ட ஏஇஎஸ்-ஜிசிஎம் முறையைப் பரிந்துரைக்கிறோம். இம்முறை இரண்டு வேலைகளைச் செய்கிறது. உரையை மறைக்கிறது, அத்துடன் 128 பிட் முத்திரை ஒன்றையும் ஒட்டுகிறது. மறைத்த உரையில் ஒரு பிட்டை எவரேனும் மாற்றியிருந்தால், மறைநீக்கம் செய்யும்போது முத்திரை பொருந்தாது, உலாவி திறக்க மறுத்துவிடும். பழைய பாடங்களில் காணப்படும் ஏஇஎஸ்-சிபிசி முறைக்கு இந்த இரண்டாம் ஆற்றல் கிடையாது.

ஒவ்வொரு செய்திக்கும் 12 பைட் நீளமுள்ள ஐவி என்னும் தொடக்க எண் தேவை. அது இரகசியம் அன்று. மறைத்த உரையோடு சேர்த்தே சேமிக்கலாம். ஆனால் ஒரே சாவியோடு ஒரே ஐவி இரண்டாம் முறை பயன்பட்டால், இரு செய்திகளுக்கிடையே உள்ள உறவு வெளிப்பட்டுவிடும். முத்திரையைப் போலியாக ஆக்கவும் வழி திறக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் கெட்ராண்டம்வேல்யூஸ் செயற்கூறின் மூலம் புதிய எண்ணைப் பெற வேண்டும். மேத்.ராண்டம் இதற்கு உதவாது. அது கணிக்கத்தக்க எண்களைத் தருவது, விளையாட்டுகளுக்கானது. பேஸ்64 வடிவத்தில் மாற்றி வைப்பதை மறையாக்கம் என்று எண்ணுவோரும் உண்டு. அது வேறு எழுத்தில் எழுதுவது மட்டுமே. எவரும் ஒரு நொடியில் திருப்பிவிடலாம்.

தமிழில் எழுதப்படும் செய்திகளுக்கென்று சில சிக்கல்கள் இருக்கின்றன. ஆங்கிலப் பாடங்கள் இவற்றைச் சொல்வதில்லை என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம். உரையைப் பேஸ்64 வடிவத்துக்கு மாற்றும் பிடோஏ என்ற பழைய செயற்கூறு தமிழ் எழுத்தைக் கண்டதும் பிழை காட்டி நின்றுவிடும். டெக்ஸ்ட்என்கோடர் மூலம் யுடிஎஃப்-8 ஆக மாற்றிய பின்னரே பூட்ட வேண்டும். அப்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். ‘கொ’ என்பது மெய்யும் உயிர்க்குறியுமாக இரு குறியீடுகள், ஆறு பைட்டுகள்.

அதே ‘கொ’வை வேறு விதமாகவும் எழுதலாம். ககரத்தின்பின் ஒகரக் குறியை ஒற்றைக் குறியீடாக இடுவது ஒரு முறை; எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இடுவது மற்றொரு முறை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைட்டுகளோ வேறு. ஒருவர் தமிழ்க் கடவுத்தொடரைக் கணினியில் ஒரு விசைப்பலகையில் அமைத்துவிட்டு, கைப்பேசியில் வேறொரு விசைப்பலகையில் அதே தொடரைத் தட்டினால், சாவி மாறிப்போகும் வாய்ப்பு உண்டு, செய்தி திறக்காது. சாவியை ஆக்கும் முன் கடவுத்தொடரை நார்மலைஸ் செயற்கூறுக்கு அனுப்பி என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். ஆயினும் சில விசைப்பலகைகள் இடையில் நுழைக்கும் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளை அது நீக்காது. அவற்றைத் தனியே களைய வேண்டும். ‘ஸ்ரீ’ என்ற எழுத்தையும் இரு வேறு அடிப்படை எழுத்துகளைக் கொண்டு எழுத முடியும்; அவ்வேறுபாட்டையும் என்எஃப்சி சமன் செய்யாது. கடவுத்தொடரில் அந்த எழுத்தைத் தவிர்ப்பதே நல்லது. நம் இயக்கத்தவர் அதனைத் தேடிச் சேர்க்கப்போவதும் இல்லை.

கடவுத்தொடரிலிருந்து சாவிக்கு

மனிதர் நினைவில் வைக்கும் தொடரை அப்படியே சாவியாகப் பயன்படுத்த முடியாது. பிபிகேடிஎஃப்2 என்னும் முறை, கடவுத்தொடரோடு ‘சால்ட்’ எனப்படும் தற்போக்கு எண்ணைச் சேர்த்துப் பல இலட்சம் முறை அரைத்து 256 பிட் சாவியைத் தருகிறது. ஊகித்துத் திறக்க முயல்பவர் ஒவ்வோர் ஊகத்துக்கும் அத்தனை முறை அரைத்தாக வேண்டும். எஸ்எச்ஏ-256உடன் பயன்படுத்தும்போது 6,00,000 சுற்றுகள் வேண்டும் என்பது ஓவாஸ்ப் அமைப்பின் பரிந்துரை. பழைய வலைப் பாடங்களில் 1,000 என்றும் 10,000 என்றும் காணப்படும் எண்களைப் படியெடுக்க வேண்டாம். ஆர்கான்2 இதனினும் வலிமையானது. வெப்அசெம்ப்ளி வடிவிலுள்ள நூலகங்களின் மூலம் அதனை உலாவியில் இயக்கலாம்.

எத்தனை சுற்று அரைத்தாலும், ஊகிக்கத்தக்க தொடர் ஊகிக்கத்தக்கதே. அண்ணல் அம்பேத்கரின் பிறந்த நாளும் ‘ஜெய்பீம்’ முழக்கமும் நமக்கு உயிரானவை. அதனாலேயே நம்மைக் குறிவைப்பவர் முதலில் முயன்று பார்ப்பவையும் அவைதாம். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டித் தேர்ந்த ஆறு சொற்கள் ஏறத்தாழ 77 பிட் வலிமையைத் தருகின்றன. பகடைதான் தேர்ந்தெடுக்க வேண்டும், மனம் அன்று.

இனி, களப்பணிக்கு நாங்கள் மிகவும் பொருத்தமானதாகக் கருதும் அமைப்புக்கு வருவோம். மேலே சொன்ன முறையில் பூட்டுபவரே திறக்கவும் வல்லவர். களப்பணியாளரின் கைப்பேசி பறிக்கப்பட்டால், அவரை மிரட்டிக் கடவுத்தொடரைப் பெற்றுவிடலாம். சாவி இணை முறையில் இதற்கு மாற்று உண்டு. சட்ட உதவிக் குழு ஒரு சாவி இணையை ஆக்கிக்கொள்கிறது. பொதுச் சாவி செயலிக்குள் இருக்கும். அது பூட்ட மட்டுமே செய்யும். தனிச் சாவி குழுவின் அலுவலகத்திலேயே இருக்கும். அதனால் மட்டுமே திறக்க இயலும். களப்பணியாளர் எழுதி அனுப்பிய பின், தாம் எழுதியதைத் தாமே திறக்க முடியாது. உண்டியலில் இட்ட காசைப் போன்றது.

இதில் மாணவர்கள் அடிக்கடி இடறும் இடம் ஒன்று உண்டு. ஆர்எஸ்ஏ-ஓஏஇபி முறையில் 2048 பிட் சாவியைக் கொண்டு ஒரே வீச்சில் பூட்டக்கூடியது, எஸ்எச்ஏ-256 பயன்படும்போது, 190 பைட்டுகள்தாம். தமிழில் அது 63 குறியீடுகள். ஒரு முழு வாக்கியம்கூட அடங்காது. ஆங்கிலத்தில் சிறு செய்தியை வைத்துச் சோதிக்கும்போது ஓடும் நிரல், களத்திலிருந்து முதல் தமிழ் வாக்குமூலம் வரும்போது முறிந்துவிடும். வாக்குமூலத்தைத் துண்டு துண்டாக நறுக்கி ஆர்எஸ்ஏவில் இடுவது தீர்வன்று. ஒவ்வொரு செய்திக்கும் புதிய ஏஇஎஸ் சாவி ஒன்றை உலாவி ஆக்க வேண்டும்; செய்தியை அதனால் பூட்ட வேண்டும்; பின்னர் அந்தச் சிறு சாவியை மட்டும் பொதுச் சாவியால் பூட்டிச் செய்தியோடு அனுப்ப வேண்டும். பெறுபவர் தனிச் சாவியால் சிறு சாவியைத் திறந்து, சிறு சாவியால் செய்தியைத் திறப்பார். படங்களும் ஒலிப்பதிவுகளும் இவ்வாறே செல்லலாம்.

பொதுச் சாவி எவரிடமும் இருக்கக்கூடும் என்பதால், பூட்டி அனுப்பியவர் யார் என்பதை மறையாக்கம் சொல்லாது. பொய் வாக்குமூலம் ஒன்றை எவரும் உள்ளே செருகலாம். களப்பணியாளர் ஒவ்வொருவரும் தம் கையொப்பச் சாவியால் ஒப்பமிட வேண்டியது இதனால்தான். ஈசிடிஎஸ்ஏ முறை வெப் கிரிப்டோவிலேயே உள்ளது.

எங்கே சேமிப்பது

லோக்கல் ஸ்டோரேஜ் எளிமையானது; எனவே பலரும் அதனையே நாடுகின்றனர். ஏறத்தாழ 5 எம்பி அளவு, எழுத்துத் தொடர்கள் மட்டும், அதே தளத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்டும் படிக்கலாம் என்பவை அதன் இயல்புகள். மறைத்த உரையை அங்கு வைப்பதில் பெருங்கேடு இல்லை. சாவியையோ கடவுத்தொடரையோ வைப்பது, வீட்டைப் பூட்டிச் சாவியை மிதியடிக்கு அடியில் வைப்பதாகும்.

சாவியை உலாவியில் வைத்தே ஆக வேண்டுமானால் இன்டெக்ஸ்டு டிபி என்ற தரவுத்தளத்தைப் பயன்படுத்தலாம். கிரிப்டோகீ வகைப் பொருளை அது அப்படியே ஏற்கும். சாவியை ஆக்கும்போதே ‘வெளியே எடுக்க இயலாதது’ என்று குறித்துவிட்டால், ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் அதன் பைட்டுகளைப் பார்க்க முடியாது. இந்தப் பாதுகாப்பின் எல்லை எது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். தளத்திற்குள் நுழைந்துவிட்ட தீய ஸ்கிரிப்ட் சாவியைத் திருட முடியாது. ஆனால் அங்கேயே அமர்ந்து அச்சாவியைக் கொண்டு எல்லாச் செய்திகளையும் திறந்து படிக்கலாம். மேலும், இந்தக் குறிப்பு உலாவிக்குள் ஓடும் நிரலை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. கருவி கைப்பற்றப்பட்டு வட்டு படியெடுக்கப்பட்டால், உலாவியின் கோப்புறையில் சாவியின் பைட்டுகள் கிடைக்கக்கூடும். கருவி முழுவதையும் மறையாக்கி, வலுவான திரைப்பூட்டு இட்டிருப்பதே அதற்குத் தடை. சிக்னலின் கணினிச் செயலிகூடத் தன் தரவுத்தளச் சாவியைப் பல ஆண்டுகள் சாதாரணக் கோப்பு ஒன்றில் வெளிப்படையாக வைத்திருந்தது. 2018இலேயே இது சுட்டிக்காட்டப்பட்டும், 2024இல் மீண்டும் விவாதம் எழுந்த பிறகே இயக்குதளத்தின் சாவிப் பெட்டகத்துக்கு அது மாற்றப்பட்டது.

சட்டக் குழுவின் தனிச் சாவியை உலாவியில் நிலையாக வைக்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கடவுத்தொடரிலிருந்து பெற்ற சாவியால் அதனைச் சுற்றிப் பூட்டி, ஒரு பென் டிரைவில் கோப்பாக வைத்துக்கொள்ளலாம். திறக்கும் வேளையில் மட்டும் செயலிக்குள் ஏற்றி, தாவலை மூடியதும் அது நினைவகத்தை விட்டு நீங்கும்படி நிரலை அமைக்கலாம்.

கிராமங்களில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. அதனால் செயலிகள் வரைவைக் கைப்பேசியிலேயே சேமித்து, இணைப்பு வந்ததும் அனுப்புகின்றன. அனுப்பும்போது பூட்டும் நிரல்கள் பலவும் வரைவை வெளிப்படையாகவே விட்டுவிடுகின்றன. வரைவு என்பதும் வாக்குமூலம்தான். ‘சேமி’ என்று தட்டிய கணத்திலேயே பூட்டிவிட வேண்டும். அவ்வாறு பூட்டிய பின் திருத்த முடியாதே என்பர். திருத்தத்தைத் தனிச் செய்தியாக எழுதிச் சேர்க்கலாம். வாக்குமூலத்துக்கு அதுவே முறையும் ஆகும்.

உலாவியின் சேமிப்பு நிலையானதும் அன்று. இடம் குறைந்தால் உலாவி தானே அழித்துவிடக்கூடும். ஆப்பிளின் சஃபாரி உலாவி, 2020 முதல், பயன்படுத்துவோர் ஏழு நாள் உலாவியைப் பயன்படுத்தியும் ஒரு தளத்தின் பக்கம் வராதிருந்தால், அத்தளத்தின் ஸ்கிரிப்ட் எழுதி வைத்தவற்றை நீக்கிவிடுகிறது. முகப்புத் திரையில் சேர்க்கப்பட்ட செயலிகளை இது பாதிப்பதில்லை. நேவிகேட்டர்.ஸ்டோரேஜ்.பெர்சிஸ்ட் மூலம் நிலைப்பு வேண்டலாம். உலாவி மறுக்கவும் செய்யும். மறைத்த உரையின் ஒரே படியை உலாவியில் விட்டுவைக்கக் கூடாது என்பதே இதன் பொருள்.

பூட்டப்படாமல் வெளியே நிற்கும் விவரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறையாக்கிய செய்திக்குள் தேட முடியாது. எல்லாவற்றையும் திறந்துதான் தேட வேண்டும். இந்த இடைஞ்சலைத் தவிர்க்க, ஊர்ப் பெயர், தேதி, வழக்கு வகை ஆகியவற்றைத் தனிப் பத்திகளாக வெளிப்படையாக வைக்கும் ஆசை எழும். சேரியில் ஐந்தாறு குடும்பங்களே உள்ள ஊரில், ஊர்ப் பெயரும் தேதியும் போதும். பேசியவர் யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும். கோப்பின் பெயரும் இதில் அடங்கும். சில நூறு செய்திகள் உள்ள ஓர் அமைப்புக்கு, எல்லாவற்றையும் நினைவகத்தில் திறந்து தேடுவது ஓரிரு நொடி வேலை. வெளிப்படைப் பட்டியலுக்குத் தேவையே இல்லை.

திறந்த பிறகு

மறைநீக்கம் செய்த உரை திரைக்கு வரும் இடமே மிகவும் பலவீனமான இடம். திறந்த உரையை இன்னர்எச்டிஎம்எல் வழியாகப் பக்கத்தில் இடும் நிரலை நாங்கள் மிகுதியாகக் காண்கிறோம். செய்திக்குள் எவரேனும் ஸ்கிரிப்டைச் செருகியிருந்தால் அது அங்கே உயிர்பெற்று ஓடும். எக்ஸ்எஸ்எஸ் எனப்படும் தாக்குதல் இதுவே. டெக்ஸ்ட்கன்டென்ட் வழியாக இட்டால் ஸ்கிரிப்டும் வெறும் எழுத்தாகவே தெரியும். சிஎஸ்பி என்னும் உள்ளடக்கக் கொள்கைத் தலைப்பைச் சர்வர் அனுப்புமாறு செய்து, எந்தெந்த முகவரியிலிருந்து ஸ்கிரிப்ட் வரலாம், எந்தெந்த முகவரிக்குத் தரவு போகலாம் என்பதையும் வரையறுக்க வேண்டும்.

திறந்த உரையை மீண்டும் எங்கும் எழுதி வைக்கக் கூடாது. ஜாவாஸ்கிரிப்டில் எழுத்துத் தொடரை அழித்தெழுத முடியாது. நினைவகத்தில் அது எப்போது நீங்கும் என்பது உலாவியின் விருப்பம். பைட் வரிசைகளையாவது பயன்பாடு முடிந்ததும் சுழியால் நிரப்பலாம்.

நிரலுக்கு வெளியேயும் கண்கள் உள்ளன. குரோம் உலாவியின் மேம்பட்ட எழுத்துப்பிழை சரிபார்ப்பை இயக்கியிருந்தால், தட்டும் உரை கூகுளின் சர்வருக்குச் செல்லும். மொழிபெயர்ப்பு நீட்சிகளும் அவ்வாறே. குரலால் தட்டச்சு செய்யும் விசைப்பலகைகள் பலவும் ஒலியை வெளியே அனுப்பியே எழுத்தாக்குகின்றன. வாக்குமூலத்தைப் பூட்டும் முன்னரே அது ஊர்சுற்றி வந்துவிட்டால் பூட்டு எதற்கு? படிவப் பெட்டிகளில் ஸ்பெல்செக், ஆட்டோகம்ப்ளீட் இரண்டையும் நிறுத்தி வைப்பது நிரலரின் கடமை. விசைப்பலகையைத் தேர்வது களப்பணியாளரின் கடமை.

கருவிக்குள்ளேயே உளவு நிரல் குடியேறிவிட்டால் மேற்சொன்னவற்றில் எதுவும் காக்காது. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினிப் படியை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம், 2016 ஜூனில் மின்னஞ்சல் வழியே நெட்வயர் என்னும் தீநிரல் அதில் நுழைந்ததாகவும், 22 மாதங்கள் அக்கணினி வெளியார் பிடியில் இருந்ததாகவும், வழக்கில் சான்றாகக் காட்டப்பட்ட கோப்புகள் அவ்வாறு உள்ளே வைக்கப்பட்டவை என்றும் 2021இல் வெளியான அறிக்கையில் கூறியது. என்ஐஏ அக்கூற்றை ஏற்கவில்லை. அந்த நிலைக்கு ஆளான கணினியில் திரையில் தெரிவதும் விசையில் தட்டுவதும் வெளியே போய்விடும். தனிச் சாவி இருக்கும் கணினியில் அன்றாட மின்னஞ்சல் பார்ப்பதைத் தவிர்க்கும்படி நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். பழைய மடிக்கணினி ஒன்றைத் துடைத்து, இவ்வேலைக்கென்றே ஒதுக்கலாம்.

நிரல் யாரிடமிருந்து வருகிறது

வலைச்செயலிக்கு உள்ள அடிப்படைக் குறை இதுவே: ஒவ்வொரு முறை பக்கத்தைத் திறக்கும்போதும் நிரல் சர்வரிலிருந்து புதிதாக வருகிறது. சர்வரை நம்ப வேண்டாம் என்பதற்காகத்தான் உலாவியில் பூட்டுகிறோம். பூட்டும் நிரலையோ அதே சர்வரிடமிருந்து வாங்குகிறோம். குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும், குறிப்பிட்ட ஒரு நாளில் மட்டும், கடவுத்தொடரைக் களவாடும் நிரலை அது அனுப்பினால் எவருக்கும் தெரியவராது. பாதுகாப்பு ஆய்வாளர் தாமஸ் டேசெக் 2011இலேயே இதனைக் கடுமையாக எடுத்துரைத்தார். அவர் அன்று சுட்டிய சில குறைகளை வெப் கிரிப்டோ தீர்த்துவிட்டது. இந்தக் குறை அப்படியே இருக்கிறது.

நதீம் கோபெய்சி 2011இல் தொடங்கிய கிரிப்டோகேட் என்னும் உரையாடல் செயலி இத்துறையில் படிக்க வேண்டிய பாடம். வலைப்பக்கமாகத் தொடங்கிய அது, மேற்சொன்ன விமர்சனத்துக்குப் பின் உலாவி நீட்சியாக மாறியது. 2013இல் ஸ்டீவ் தாமஸ் என்பவர் வேறொரு பிழையைக் கண்டறிந்தார். சாவியை ஆக்கும் செயற்கூறு 15 பிட் எண்களின் வரிசையை எதிர்பார்த்தது. நிரலோ பத்திலக்க எண்ணை எழுத்துத் தொடராக அதற்குக் கொடுத்தது. ஜாவாஸ்கிரிப்ட் வாய் திறவாமல் ஏற்றுக்கொண்டது. 32,768 மதிப்புகள் இருக்க வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் பத்தே மதிப்புகள். 2011 முதல் 2013 வரை, ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக, அதன் குழு உரையாடல்கள் எளிதில் உடைக்கத்தக்க நிலையில் இருந்தன. திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. செய்திகள் பூட்டப்பட்டன, திறக்கப்பட்டன. மறையாக்கப் பிழையின் இயல்பே அதுதான்: சரியாக ஓடும் நிரலும் காக்காமல் இருக்கலாம்.

பிறர் எழுதிய நூலகங்களும் வாயில்களே. 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் நூலகத்தின் பொறுப்பை ஏற்ற புதியவர், கோபே என்னும் பிட்காயின் பணப்பையின் சாவிகளைத் திருடும் நிரலை அதன் சார்பு ஒன்றில் ஒளித்து வைத்தார். 2024இல் பாலிஃபில்.ஐஓ தளம் கைமாறிய பிறகு, அதிலிருந்து ஸ்கிரிப்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களுக்குத் தீநிரல் சென்றது. வாக்குமூலச் செயலியில் வெளித்தள ஸ்கிரிப்ட் எதுவும் இருக்கலாகாது. வருகையாளர்களை எண்ணும் அனலிடிக்ஸும் கூடாது. நூலகம் தேவையெனில் குறிப்பிட்ட பதிப்பைச் சொந்தச் சர்வரிலேயே வைத்து, எஸ்ஆர்ஐ என்னும் கைரேகைச் சரிபார்ப்பைச் சேர்க்கலாம். தன் வலைப்பதிப்புக்கு வாட்ஸ்அப் 2022இல் கோட் வெரிஃபை என்ற நீட்சியை வெளியிட்டது. அந்நிறுவனமே தன் சர்வர் அனுப்பும் நிரலைச் சரிபார்க்கத் தனிக் கருவி வேண்டியிருந்தது என்றால், சிக்கலின் ஆழம் விளங்கும். சிறு அமைப்புகள் செயலியை நீட்சியாகவோ, ஒருமுறை நிறுவிய நிரலாகவோ தருவது இக்குறையைப் பெருமளவு தணிக்கும்.

இருவர் பேசிக்கொள்வதற்காகச் சொந்தச் செயலி எழுதத் தொடங்கும் மாணவர்களிடம், வேண்டாம் என்றே சொல்வோம். அதற்குச் சிக்னல் இருக்கிறது. அதற்கு வலைப்பதிப்பு இல்லாததற்கும் மேற்சொன்ன குறையே விளக்கமாகிறது. சிதறிய ஊர்களிலிருந்து வாக்குமூலங்களைத் திரட்டி ஓரிடத்தில் சேர்க்கும் படிவம் போன்ற, வேறு கருவி பொருந்தாத வேலைகளுக்கு மட்டுமே சொந்த நிரல் தகும்.

நீதிமன்றத்துக்கு எடுத்துச் செல்லும்போது

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தோடு சான்றிதழ் வேண்டும் என்கிறது; அதன் படிவத்தில் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். எனவே களத்தில் எடுத்த ஒலிப்பதிவையோ படத்தையோ பூட்டும் முன்பே எஸ்எச்ஏ-256 ஹாஷைக் கணித்து, பூட்டிய பொதியின் உள்ளேயே வைத்துவிட வேண்டும். பின்னாளில் திறந்து எடுக்கும் கோப்பு அன்று எடுத்ததுதான் என்று காட்ட அது உதவும். ஹாஷை வெளியே வைத்தால், அதே கோப்பு வேறெவரிடமேனும் இருப்பின், இரண்டும் ஒன்று என்று அவரால் கண்டுகொள்ள முடியும். செயலிகள் சில, அளவைச் சுருக்க வேண்டிப் படத்தை மறுவடிவாக்கம் செய்துவிடுகின்றன. அதன்பின் கணித்த ஹாஷ் மூலக்கோப்புக்கு உரியதாக இராது.

தனிச் சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் கைதானாலோ இறந்தாலோ வழக்கின் ஆவணங்கள் எல்லாமே மூடிவிடும். ஷமீர் பகிர்வு முறையில் சாவியை ஐந்து பங்காக்கி, எந்த மூன்று சேர்ந்தாலும் திறக்குமாறு அமைக்கலாம். இரண்டு பங்குகளால் எதுவும் தெரியவராது. பங்குகளை வெவ்வேறு ஊர்களிலுள்ள வழக்கறிஞர்களிடம் காகிதத்தில் கொடுத்து வைக்கலாம்.

வழக்குக்கு ஒரு சாவி இணை என்று வைத்துக்கொள்வது இன்னொரு வசதியையும் தரும். மேல்முறையீடும் முடிந்து, சாட்சி தம் வாக்குமூலத்தை அழித்துவிடக் கேட்கும்போது, சர்வர்களிலும் காப்புப் படிகளிலும் பழைய கைப்பேசிகளிலும் சிதறிக் கிடக்கும் மறைத்த உரைகள் ஒவ்வொன்றையும் தேடி அழிப்பது நடவாத காரியம். அவ்வழக்கின் தனிச் சாவிக் கோப்பையும் காகிதப் பங்குகளையும் அழித்துவிட்டால், அந்தப் படிகளைத் திறக்க எதுவும் எஞ்சியிராது.